இருபது மடங்கு சூடு குடித்த வைரம்

அத்தியாயம் 6

பேராசிரியர் வான் ஊஸ்டர்சே எங்களுக்குக் காபி கொடுத்தார். ஆளுக்கு ஒரு பிஸ்கட். நான் இரண்டாவதுக்குக் கை நீட்டுவதற்குள் டப்பாவை டக்கென்று மூடினார். எங்கள் ஊரான ஹெல்டர்வைக்கில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பிஸ்கட்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மற்றவர்கள் மூடும்போது மரியாதைக்காவது கொஞ்சம் சிரிப்பார்கள். இவர் என் விரல்களைப் பார்த்தார். அவை முன்பு டிராமில் டிக்கெட் கிழித்த விரல்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"போலீஸ் வந்தாச்சு, திருடனைப் பிடிச்சாச்சு. இவங்க எதுக்கு?" என்றார் பக்கத்திலிருந்த மனிதரிடம், நாங்கள் அறையிலேயே இல்லாத மாதிரி.

பக்கத்திலிருந்தவர் ஸ்லாஹெக், ஆம்ஸ்டர்டாம் வைர வியாபாரி. போனது அவருடைய வைரம். எங்களைத் துப்பறியக் கூலிக்கு அமர்த்தியவரும் அவர்தான். "இன்ஷூரன்ஸ்காரன் தனி விசாரணை வேணும்னு அடம் பிடிக்கிறான், ப்ரொஃபெஸர். இருக்கறதுலயே மலிவா ஒரு ஆளைப் பிடிச்சேன்" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "அம்மணி, காபியைக் குடிச்சிட்டு, 'திருடினது ஹார்ம் பூட்ஸ்மா'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க. நாலு மணி ரயிலுக்கு நான் போகணும்."

அம்மணி என்றது ஃபெம்மி டெ ரைக்கை. பெண்கள் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். கல்யாணம் ஆன மறுநாளே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கல்யாணமான பெண்ணுக்கு அரசாங்க வேலை கூடாது என்று ஹேக் நகரத்திலிருந்து நம்மை ஆளுகிற பெரிய மூளைகள் சட்டம் போட்டிருந்தன. நாலு வருஷத்தில் புருஷன் போய்ச் சேர்ந்தார். வேலை திரும்பி வரவில்லை. ஊர் இன்னமும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. சம்பளம் தருகிறவர் என்பதால் நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். என் பெயர் யெல்லே.

"எழுதிடலாம் மெநேர்," என்றார் டீச்சர், 'ஐயா' என்கிற மரியாதையோடு. "என்ன நடந்துதுன்னு ஒரு தடவை வரிசையாச் சொல்லுங்க."

ஸ்லாஹெக் சலிப்போடு சொன்னார். கடுங்குளிரில் வைரம் எவ்வளவு சூடு ஏற்கும் என்று அளப்பதற்காக ஜனவரியில் இந்த ஆய்வகம் அவரிடம் முப்பத்தொன்றரை காரட் பொடி வைரங்களை இரவல் வாங்கியது. அவருடைய பட்டறையிலேயே செய்த ஒரு சின்ன வெள்ளி டப்பியில் எல்லார் கண் முன்னாலும் கற்களைக் கொட்டினார். ஆய்வகத்தின் கருவி மெக்கானிக் ஹார்ம் பூட்ஸ்மா மூடியைப் பற்றவைத்தான். ஏப்ரல் இரண்டாம் தேதி திருப்பி வாங்கும்போது டப்பியை வெட்டிப் பார்த்தால் உள்ளே கண்ணாடித் துண்டுகள். பற்றவைக்கத் தெரிந்தவன் ஹார்ம். டப்பி இருந்த அலமாரியின் சாவி வைத்திருந்தவனும் ஹார்ம். அன்றே உள்ளே தள்ளிவிட்டார்கள்.

"பதினோரு நாளா உள்ள இருக்கான். இன்னிக்கு மூணு மணிக்கு மாவட்டக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க," என்றார் பேராசிரியர். "பின்கட்டுக் குவார்ட்டர்ஸை சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணும்படி அவன் பெண்டாட்டிக்குச் சொல்லியாச்சு. புது ஆள் வரணும்ல."

வரும்போது அந்தப் பெண்ணைப் பார்த்திருந்தேன். ஜன்னல் திரையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள், அழக்கூட இல்லை. ஒரு பிஸ்கட் கொடுத்த மனிதர் ஒரு குடும்பத்தைத் தெருவுக்கு அனுப்புவதையும் அதே குரலில் சொன்னபோது எனக்குக் காபி கசந்தது.

"எந்தத் தேதியில மாத்தினார்?" என்று கேட்டார் டீச்சர்.

"ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவுல ஏதோ ஒரு நாள்," என்றார் ஸ்லாஹெக். "அடைச்ச டப்பிக்குள்ள எந்த நாள் என்ன இருந்துதுன்னு யாருக்குத் தெரியும்?"

"அளக்கறதுக்குத்தானே வாங்கினீங்க? யாராவது அளந்தாங்களா?"

பேராசிரியர் மூக்கால் சிரித்தார். "ஒரு பொண்ணு அளந்தா. மார்ச் முதல் வாரம் வரைக்கும் பரவாயில்லை. அதுக்கு அப்புறம் எல்லாம் குப்பை. என் கையாலேயே சிவப்புப் பென்சில்ல அடிச்சிட்டேன்."

டீச்சரின் காபிக் கோப்பை உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அவர் அதைக் குடிக்காமல் கீழே வைத்தார். எழுந்து, "அந்தக் குப்பையைக் கொஞ்சம் பாத்துட்டு வந்துடறோம்," என்றார்.

"கூட்டறதுக்கா?" என்றார் ஸ்லாஹெக். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆய்வகத்தின் அடித்தளத்தில் பம்புகள் இரைந்துகொண்டிருந்தன. ஆல்ட்யே ரோஸ்காம், இருபத்தைந்து வயது, படகோட்டியின் மகள், டாக்டர் பட்டத்துக்காக உழைக்கிற பெண். குளிரில் வெடித்த கைகளோடு ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து விரித்தாள்.

"இந்த லேப்ல எதையும் அழிக்கக் கூடாது," என்றாள். "தப்புன்னா கோடு போடலாம். ஆனா கீழ இருக்கறது படிக்கிற மாதிரி இருக்கணும்."

படிக்கிற மாதிரிதான் இருந்தது. மார்ச் ஒன்பது வரை நீல மையில் அழகான எண்கள். பதினொன்றாம் தேதியிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு. ஓரத்தில் பேராசிரியரின் கையெழுத்தில் குறிப்புகள்: 'கைப்பிழை.' 'மறுபடியும் கைப்பிழை.' 'இது சமையலறை அல்ல, குமாரி.'

"ஆறு தடவை திரும்ப அளந்தேன்," என்றாள் ஆல்ட்யே. "கம்பியை மாத்தினேன், தெர்மாமீட்டரை மாத்தினேன். ஆறு தடவையும் அதேதான் வந்துது. என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்றேன். "நான் டிராம் கண்டக்டர்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "திடப்பொருளுக்குச் சூடு கொடுத்தா உள்ள இருக்கற அணுக்கள் நின்ன இடத்துலயே ஆடும். அந்த ஆட்டத்துக்குத்தான் சூடு செலவாகுது. நல்லாக் கொதிக்கற சூட்டுல எல்லாத் திடப்பொருளும் அணுவுக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் குடிக்கும். ஆனா குளிரக் குளிர ஒவ்வொண்ணும் குடிக்கறதைக் குறைச்சுக்கும். ஈயம் கடைசி வரைக்கும் குடிச்சுக்கிட்டே இருக்கும். வைரம் முதல் ஆளா நிறுத்திடும்."

"ஏன்?"

"கட்டுமானம். வைரத்துல ஒவ்வொரு அணுவையும் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருக்கு. லேசான தள்ளுக்கெல்லாம் அது அசையாது. பென்சில் கரியும் வைரமும் ஒரே சரக்குதான், அடுக்கின விதம்தான் வேற. அந்தக் கரிகூட குளிர்ல இவ்வளவு கஞ்சம் பண்ணாது."

எனக்குச் சட்டென்று புரிந்தது. காலை எட்டு மணி டிராமில் நெருக்கி நிற்கிறவனால் தோளைக்கூட அசைக்க முடியாது. மத்தியானக் காலி டிராமில் நிற்கிறவன் ஒவ்வொரு வளைவுக்கும் ஆடுவான். "கஞ்சம்தான் அடையாளம்னா, மாடியில இருக்கற பிஸ்கட் டப்பாவுக்குள்ளயும் வைரம்தான் இருக்கணும்," என்றேன்.

ஆல்ட்யே சிரித்தாள். வெகுநாளைக்கு அப்புறம் சிரிக்கிறாள் போலிருந்தது, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணாடி?" என்றார் டீச்சர்.

"அது தாறுமாறாக் கட்டினது. காற்றே திரவமாகற குளிர்லகூட அதுக்குள்ள ஆட்டம் இருக்கும். வைரத்தைவிட ஏறக்குறைய இருபது மடங்கு குடிக்கும்."

"பதினொண்ணாம் தேதி உனக்கு வந்தது எத்தனை மடங்கு?"

ஆல்ட்யே நோட்டைத் திருப்பி டீச்சர் பக்கம் நகர்த்தினாள். டப்பியின் பங்கைக் கழித்த பிறகு, ஒன்பதாம் தேதி ஒன்று என்றால் பதினொன்றாம் தேதி பத்தொன்பதரை.

"உள்ள இருக்கறது வைரமே இல்லைன்னு உனக்குத் தோணலையா?"

"தோணுச்சு. பதிமூணாம் தேதியே ப்ரொஃபெஸர்கிட்ட சொன்னேன். 'டப்பி மேல வைரம்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?'ன்னார். டப்பியை வெட்டின அன்னிக்கு இன்ஸ்பெக்டர்கிட்டயும் நோட்டைக் காட்டினேன். 'ப்ரொஃபெஸர் தப்புன்னு அடிச்ச கணக்கை நான் எப்படிம்மா எடுத்துக்கறது?'ன்னுட்டார்."

இதுதான் படித்தவர்களின் திருட்டு வழக்கு. புத்தகத்துக் கணக்கு தப்பாது, டப்பி மேல் எழுதியதும் தப்பாது, அதனால் தப்பு படகோட்டியின் மகளுடையது. நாலாங்கிளாஸ் பையன்கூட டப்பியைக் குலுக்கிப் பார்த்திருப்பான்.

"அப்ப ஒன்பதாம் தேதி வரைக்கும் வைரம். பதினொண்ணுல கண்ணாடி," என்றார் டீச்சர். "பத்தாம் தேதி என்ன ஆச்சு?"

"அன்னிக்கு அளக்கலை. திரவக் காற்று மெஷினை ஓட்ட ஆள் இல்லை. ஒன்பதாம் தேதி சாயங்காலம் ப்ரொஃபெஸர் ப்ரஸ்ஸல்ஸ் மாநாட்டுக்குக் கிளம்பினார். அலமாரிச் சாவியை என்கிட்ட கொடுத்துட்டு, கண்ணாடிக் கருவிகளைத் தூக்கிட்டு ஹார்மும் கூடப் போனார். ரெண்டு பேரும் பதினொண்ணு காலையிலதான் வந்தாங்க."

நான் மேஜையைத் தட்டினேன். "டீச்சர், முடிஞ்சுது! ஹார்முக்குச் சாட்சி ப்ரொஃபெஸரே!"

"நீ மாடிக்குப் போய் இன்ஸ்பெக்டருக்கு டெலிபோன் பண்ணு," என்றார் டீச்சர். "ஹார்மை அழைச்சிட்டு வரச் சொல்லு. கண்ணாடித் துண்டு பொட்டலத்தையும் எடுத்துட்டு வரணும். சீல் உடைக்காம."

போலீஸ் ஸ்டேஷன் டெலிபோன் கிடைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. நான் திரும்பி வரும்போது டீச்சரும் ஆல்ட்யேயும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். ஆல்ட்யேயின் முகம் வெளுத்திருந்தது.

இரண்டு மணிக்குப் பேராசிரியர் அறையில் எல்லாரும் கூடினோம். இன்ஸ்பெக்டர் ரைன்டர்ஸ் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். ஹார்ம் பூட்ஸ்மா கைவிலங்கோடு கதவோரம் நின்றார். ஒல்லியான மனிதர், விரல் நுனியெல்லாம் பழைய தீக்காயம். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

டீச்சர் கல் மாறிய தேதியைச் சொன்னார். காரணத்தையும் இரண்டு வாக்கியத்தில் சொன்னார்.

"அபத்தம்!" என்றார் பேராசிரியர். "அது கைப்பிழைதான். நான் அடிச்சதை நானே மாத்தறதில்லை."

"சரி. பத்தாம் தேதி நீங்க எங்க இருந்தீங்க?"

"ப்ரஸ்ஸல்ஸ்ல, மாநாட்டுல."

"கூட யாரு வந்தாங்க?"

"யாருமில்லை. தனியாத்தான் போனேன்."

ஹார்ம் தலையை நிமிர்த்தினார். "ப்ரொஃபெஸர், நான் வந்தேனே. மூணு பெட்டி தூக்கிட்டு வந்தேன்."

பேராசிரியர் அவரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. "பெட்டிகள் வந்துது. யார் தூக்கினாங்கன்னு நான் கவனிக்கலை. ஞாபகம் இல்லாததுக்கு நான் சத்தியம் பண்ண முடியாது."

"பாத்தீங்களா?" என்று ஸ்லாஹெக் துள்ளினார். "சரி, அம்மணி சொல்ற தேதியையே வச்சுப்போம். பத்தாம் தேதி ப்ரொஃபெஸர் இல்லை. இந்த ஆளும் இல்லைன்னே வச்சுப்போம். அப்ப அலமாரிச் சாவி யார்கிட்ட இருந்துது? இந்தப் பொண்ணுகிட்ட! படகுக்காரன் பொண்ணு, வைரத்தைக் கண்ணால பாத்திருப்பாளா? இன்ஸ்பெக்டர், ரெண்டு பேருமே கூட்டு. விலங்கு இன்னொண்ணு கொண்டு வந்திருக்கீங்களா?"

ஆல்ட்யே வாயைத் திறந்தாள். டீச்சர் அவள் முழங்கையைத் தொட்டார், அவள் அடங்கிவிட்டாள். இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு ஆளை வெளியே எடுக்க வந்து இரண்டு பேரை உள்ளே தள்ளிவிடப் போகிறோம் என்று நினைத்தேன்.

டீச்சர் மட்டும் பெருமூச்சு விட்டார், தோற்றுப்போனவர் மாதிரி. "நீங்க சொல்றதுதான் சரியா இருக்கும் மெநேர். திருடினது விவரம் தெரியாத ஆளுன்னு எனக்கும் தோணுச்சு. படு மட்டமான வேலை. வைரத்தோட எடைக்குச் சரியாக் கண்ணாடி போடக்கூடத் தெரியலை. எட்டு மில்லிகிராம் குறையுது."

"எட்டு மில்லிகிராமா?"

"எட்டு. கசாப்புக்கடைக்காரன்கூட இதைவிட ஒழுங்கா நிறுப்பான்."

ஸ்லாஹெக்கின் கழுத்து சிவந்தது. "உளறாதீங்க! எந்தத் தராசுல போட்டீங்க, உருளைக்கிழங்குத் தராசுலயா? அதுல ஒரு இம்மி குறையாது! கடைசித் துண்டை மூணு தடவை சாணை பிடிச்சு..."

வாய் திறந்தபடியே நின்றது. கீழே பம்பு இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்ஸ்பெக்டர்," என்றார் டீச்சர், "அந்தப் பொட்டலத்தை இதுவரைக்கும் யாராவது நிறுத்தாங்களா?"

"இல்லையே," என்றார் ரைன்டர்ஸ் மெதுவாக. "எல்லார் எதிர்லயும் சீல் வச்சோம். சீல் அப்படியே இருக்கு. உள்ள எத்தனை துண்டுன்னுகூட யாரும் எண்ணலை."

"வைர... வைரத்தோட எடையைச் சொன்னேன்," என்றார் ஸ்லாஹெக்.

"எடை சரியா வர்றதுக்காக வைரத்தை யாரு சாணை பிடிப்பாங்க மெநேர்? உங்க கடையில அப்படியா வியாபாரம்?" டீச்சரின் குரலில் இப்போது மலிவு எதுவும் இல்லை. "ஹார்ம் பத்து வருஷமா இந்தக் குளிர் மெஷினோட குடித்தனம் பண்றவர். எடையை ஏமாத்தலாம், சூட்டை ஏமாத்த முடியாதுன்னு அவருக்குத் தெரியும். இந்தப் பொண்ணுக்கும் தெரியும். ப்ரொஃபெஸருக்கும் தெரியும், பென்சிலைக் கீழ வச்சா. இவங்க மூணு பேருல யாரும் கண்ணாடியைப் போட்டிருக்க மாட்டாங்க. தராசுல சரியா நின்னாப் போதும், உலகத்துல வேற கணக்கே இல்லைன்னு நினைக்கிறவன்தான் போடுவான். டப்பி உங்க பட்டறையில செஞ்சது. அதே மாதிரி இன்னொண்ணு செய்ய உங்களுக்கு எவ்வளவு நேரம்? ஆல்ட்யே, பத்தாம் தேதி யாரு வந்தாங்க?"

"மெநேர் ஸ்லாஹெக் வந்தார்," என்றாள் ஆல்ட்யே. "கல்லு பத்திரமா இருக்கான்னு பாக்கணும்னார். டப்பியைக் கையில கொடுத்தேன். காபி கேட்டார். நான் கொண்டு வர்றதுக்குள்ள திருப்பி வச்சிட்டார். அவர் பொருளை அவரே திருடுவார்னு நான் நினைக்கலை. இன்னிக்கு வரைக்கும் யாரும் என்கிட்ட எதுவும் கேக்கவும் இல்லை."

"கல்லும் கையில, இன்ஷூரன்ஸ் பணமும் கையில," என்றேன் நான். "நாலு மணி ரயிலுக்கு டிக்கெட் வாங்கிட்டீங்களா மெநேர்? வாங்கியிருந்தா கொடுங்க, கிழிச்சுத் தரேன்."

ஸ்லாஹெக் டீச்சரை வெறித்துப் பார்த்தார். "ஊர்லயே உதவாக்கரைன்னு சொன்னாங்களேன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்," என்றார்.

"தெரியும். அதுக்காகத்தான் முன்பணம் வாங்கிக்கிட்டேன்," என்றார் டீச்சர்.

இன்ஸ்பெக்டர் ஆம்ஸ்டர்டாமுக்கு டெலிபோன் செய்தார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ஸ்லாஹெக்கின் கடைப் பெட்டகத்தில் ஒரு வெள்ளி டப்பி இருந்தது, பற்றவைத்தது பற்றவைத்தபடியே. அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம் என்று வைத்திருந்தாராம். ஹார்மின் கையிலிருந்த விலங்கைக் கழற்றி ஸ்லாஹெக்குக்கு மாட்டினார்கள். மூன்று மணி வண்டியில் ஒரு ஆள் போயே ஆக வேண்டும், காகிதமெல்லாம் தயாராக இருந்தது.

பேராசிரியர் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பூட்ஸ்மா, நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வேலைக்கு வரலாம். வீட்டைக் காலி பண்ண வேண்டியதில்லை," என்று கையை நீட்டினார்.

ஹார்ம் அந்தக் கையைப் பார்த்தார். விலங்கு பட்ட மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"ரெண்டு நாள் உங்க பின்னாலயே நடந்தேன், ப்ரொஃபெஸர். ஸ்டேஷன்ல, ஹோட்டல்ல, மாநாட்டு மேடை வரைக்கும். நான் கோர்ட்டுக்குப் போறதா வீட்டுக்குப் போறதாங்கறதுக்கு இன்னிக்கு உங்க ஒரு வார்த்தை போதுமா இருந்துது. நிஜமாவே உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

பேராசிரியர் முதல்முறையாக நேர்மையாகப் பேசினார். "ஒரு கண்ணாடிகூட உடையலை, பூட்ஸ்மா. உடைஞ்சிருந்தா ஞாபகம் இருந்திருக்கும்."

"அப்ப உடைச்சிருக்கணும்," என்றார் ஹார்ம்.

கைது செய்த அன்று பறிமுதல் செய்த அலமாரிச் சாவி வளையத்தை இன்ஸ்பெக்டரிடமிருந்து கேட்டு வாங்கினார். அதைப் பேராசிரியர் இன்னும் நீட்டியிருந்த கையில் வைத்துவிட்டு, மனைவிக்குத் திரைகளை மூட்டை கட்ட உதவி செய்யப் பின்கட்டுக்குப் போனார்.